முதலில் சாப்பிடும்

என் கணவர் காரணமில்லாமல் யாருக்கும் ஒரு கோப்பிகூட வாங்கிக் கொடுக்காதவர். அப்படிப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், நான் படிக்கட்டுத் துடைத்துக்கொண்டிருந்த கட்டடத்தின் வாசலில் ஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார்.

"வாரும், வெளியிலை சாப்பிடுவம். ரெயில் ஸ்தாசியோனேக்குக் கிட்ட ஒரு புதுக்கடை திறந்திருக்கு. வெனிசுவேலாச் சாப்பாடு" என்றார்.

சோழியன் குடுமி சும்மா ஆடாது. கையிலிருந்த துணியைப் பிழியாமலே வாளிக்குள் போட்டுவிட்டு, "என்ன விஷயம்?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை. முதல்லை சாப்பிடுவம்."

அந்த 'முதல்லை'தான் என்னைப் பயப்படுத்திவிட்டது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சண்டைக்குப் பயந்து ஊர்ச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. என்னைப் பெற்ற ஐயா, என் அண்ணன் குடும்பத்தோடு கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார் என்பதுதான் கடைசிக் கடிதத்தில் வந்த செய்தி. அவருக்கு மூச்சு இழுக்கும் வருத்தம். மருந்து கிடைக்கிறதா, ஆள் இருக்கிறாரா, ஒன்றும் தெரியாது. நல்லதோ கெட்டதோ, கொழும்பிலிருக்கும் சித்தப்பாதான் போன் எடுத்துச் சொல்ல வேண்டும். இங்கே வெளிநாட்டில் எங்கள் வீட்டில் போன் இல்லை. ஆகவே என் கணவர் வேலை செய்யும் வெள்ளைக்கார அம்மா, சிஞ்ஞோராவின் வீட்டுக்குத்தான் எடுப்பார். எந்தச் செய்தியும் முதலில் இவர் காதில்தான் விழும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெறும் வயிற்றோடு இருப்பவருக்குச் சாவுச் செய்தி சொல்ல மாட்டோம். சொன்ன பிறகு அவர் தொண்டையில் தண்ணீர்கூட இறங்காது என்று முதலில் சாப்பிட வைப்போம். அதை நானே செய்திருக்கிறேன். போர்கோ வெக்கியோ என்ற பகுதியில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் ஊர்ப் பெண்ணைக் கூப்பிட்டு, புட்டும் மீன்குழம்பும் கொடுத்து, இன்னும் கொஞ்சம் போடட்டோ என்று சிரித்துக்கொண்டே கேட்டு, அவள் கை கழுவி வந்த பிறகு அவளுடைய தம்பி போய்விட்டதைச் சொன்னேன். "அக்கா, அந்தப் புட்டு இன்னும் தொண்டைக்குள்ளை நிக்குது" என்று ஒருநாள் சொன்னாள். அதற்குப் பிறகு என் வீட்டில் அவள் ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

இப்போது அந்தப் புட்டு என் பக்கம் வருகிறது என்று நினைத்தேன். கடைக்குப் போகும் வழியெல்லாம் அவர் பேசவேயில்லை. வழக்கமாக பஸ்காரனில் தொடங்கி மேயர் வரைக்கும் திட்டிக்கொண்டு வருகிற மனிதர் அவர். வீதி கடக்கும்போது என் கையை வேறு பிடித்தார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அப்படிப் பிடித்ததில்லை.

கடையில் ஐந்து மேசைகள். முன்பு சப்பாத்துத் திருத்தும் கடையாக இருந்த இடம், பசை மணம் இன்னும் முழுதாகப் போகவில்லை. நடத்துகிறவள் ஐம்பது வயதுப் பெண். தாயும் தகப்பனும் பக்கத்து ஊரான பகேரியாவிலிருந்து வெனிசுவேலாவுக்குப் பிழைக்கப் போனவர்களாம். இவள் அங்கே பிறந்து, போன வருடம்தான் இங்கே வந்தாளாம். என்னைக் கண்டதும் ஓடிவந்து, "ஆ, சிஞ்ஞோரா!" என்று என் தோளைத் தடவினாள். முன்பின் தெரியாதவளுக்கு என் தோளில் என்ன வேலை? இவளிடம் சொல்லியிருக்கிறார், எனக்கு இன்னும் சொல்லவில்லை என்று பற்றிக்கொண்டு வந்தது.

தட்டு வந்தது. வெள்ளைச் சோறு, கறுப்பு அவரைக்கொட்டைக் கறி, நார் நாராய்ப் பிய்த்த இறைச்சி, ஓரத்தில் வாழைப்பழப் பொரியல். பக்கத்தில் தடித்த சோள ரொட்டி. இறைச்சி மாடா என்று கேட்டேன். ஓம் ஓம் என்று பெருமையாகத் தலையாட்டினாள். தட்டைத் தள்ளிவிட்டேன். அவள் கோபிக்கவில்லை. இறைச்சி இல்லாமல் வேறொரு தட்டு, இரண்டு மடங்கு வாழைப்பழத்தோடு கொண்டுவந்தாள். அந்த இரண்டாவது மடங்கும் எனக்கு நல்லதாகப் படவில்லை.

இவர் தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கன்னத்திலை கை வையாதேங்கோ, கப்பல் கவிழ்ந்த மாதிரி" என்றேன்.

எடுத்தார். கொஞ்ச நேரத்தில் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. கண்ணும் கலங்கியிருந்தது.

அப்போது முடிவெடுத்தேன். சாப்பிட மாட்டேன். நான் சாப்பிடாதவரைக்கும் இவரால் சொல்ல முடியாது. இவர் சொல்லாதவரைக்கும் ஐயா இருக்கிறார். வாழைப்பழத்தை முள்ளுக்கரண்டியால் சின்னச் சின்னதாக வெட்டி, சோற்றுக்கு அடியில் ஒளித்தேன்.

"சாப்பிடுமன், ஆறப்போகுது."

"பசியில்லை."

"ஒரு வாய் எண்டாலும்."

கடைக்காரியும் தூரத்தில் நின்று கையை வாயருகே கொண்டுபோய்ச் சாப்பிடு, சாப்பிடு என்று காட்டினாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. கரண்டியை மேசையில் அடித்தேன்.

"ஐயா எப்ப செத்தவர்? சொல்லுங்கோ! மறைச்சு என்னைப் பேய்க்காட்டாதேங்கோ!"

பக்கத்து மேசைக்காரர் சாப்பாட்டை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். இவர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

"என்னப்பா கதைக்கிறீர்? ஒரு போனும் வரேல்லை. பிள்ளையார் சத்தியமா வரேல்லை."

"அப்ப ஏன் கன்னத்திலை கை?"

வாயைத் திறந்து விரலால் காட்டினார். கடைவாய்ப் பல்லடியில் ஈறு வீங்கிச் சிவந்திருந்தது. பல் டாக்டரிடம் போங்கோ என்று இரண்டு மாதமாக நான் அரித்துக்கொண்டிருந்தேன். நான் ஏசுவேன் என்று மறைத்திருக்கிறார்.

"அப்ப இந்தச் சாப்பாடு?"

"வாழைக்காய்ப் பொரியல் திண்டு ஆறு வருசம் எண்டு போன கிழமை சொன்னீரெல்லே. இந்த மனிசி பொரிக்கிறதை வழியிலை கண்டனான். வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு சொல்லி வைச்சனான்."

"ஸ்திரி போட்ட சட்டை?"

"உம்மோடை வெளியிலை வாறதெண்டால் ஊத்தைச் சட்டையோடையே வாறது?"

அரண்டவள் கண்ணுக்கு வாழைப்பழமும் பேய்தான். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன, வெட்கம் அதற்கு மேலால் வந்தது. சோற்றுக்கு அடியிலிருந்து ஒவ்வொரு துண்டாகத் தோண்டியெடுத்துச் சாப்பிட்டேன். ஆறிப்போயிருந்தது. மிளகாய்த்தூளும் உப்பும் இல்லாத வெறும் இனிப்பு. ஆனாலும் ஒன்றையும் மிச்சம் விடவில்லை. கை துடைத்ததும் அவரிடம் ஒரு சத்தியம் வாங்கினேன்.

"இனி என்ன செய்தி வந்தாலும் நேரை சொல்லிப்போடுங்கோ. சாப்பாடு தந்து ஏமாத்தக் கூடாது."

"ஓம்" என்றார், கன்னத்தைப் பொத்திக்கொண்டு.

அடுத்த வருடம், அதே கட்டடத்தின் படிக்கட்டு, அதே மத்தியான நேரம். இவர் வாசலில் வந்து நின்றார். சட்டை கசங்கியிருந்தது. "ஐயா மோசம் போயிட்டார்" என்றார். வேறு ஒரு சொல் இல்லை. வாக்குக் கொடுத்தபடி நேரே சொன்னார்.

நான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஈரப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவரிடம் நான் அந்தச் சத்தியத்தை வாங்கியிருக்கக் கூடாது. என்னை அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பார், முதலில் சாப்பிடும் என்று சொல்லியிருப்பார். ஒரு தட்டுச் சாப்பிட்டு முடிக்கிற நேரமாவது எனக்கு ஐயா இருந்திருப்பார்.