கன்னியம்மா அக்காவின் பழைய ஸ்டார்ட்டர்

இந்த நடுராத்திரியில் நம் கொட்டகை குரூப்பில் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். போன் சத்தத்தில் யாராவது விழித்துக்கொண்டால் மனதுக்குள் திட்டிக்கொள்ளுங்கள். என் குட்டி இனியா இப்போதுதான் தூங்கினாள். உடம்பு லேசாகச் சுடுகிற மாதிரி இருந்தது. தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடு என் கையில்தான் என்று முடிவு செய்தேன். கன்னியம்மா அக்காவுக்குப் போன் செய்து கேட்டிருந்தால் முதல் தடவை தொட்டதிலேயே இது தெரிந்திருக்கும். கேட்க அவர் இல்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அன்று காலை அக்காவின் நம்பரிலிருந்து அழைப்பு வந்தபோது இனியாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன். இந்த மழை தொடங்கியதிலிருந்து அந்த நேரத்தில் அக்கா கூப்பிட்டால் காரணம் ஒன்றுதான். எடுத்ததுமே, “வண்டி தள்ளணுமா அக்கா? இதோ வர்றேன்” என்றேன். மறுமுனையில் வந்தது அவர் தம்பி தயாளன் அண்ணனின் குரல். “அக்கா பூட்ச்சும்மா.” மார்க்கெட்டில் காய்கறி மூட்டைகளை ஏற்றிவிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது. நான் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டி தள்ளப் போகிறவளைப் போலவே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன்.

உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்லத் தோன்றுகிறது. கீழ்க்கட்டளையில் தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டு, அங்கே சமைத்த மதியச் சாப்பாட்டைத் தன் டீசல் பிக்கப்பில் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்துவந்தவர் அவர். இனியா கைக்குழந்தையாக இருந்தபோது நான் வேலை கேட்டுப் போன இடங்களில் எல்லாம், குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் கேட்டார்கள். தாம்பரத்தில் ஓர் ஆபீசில் என் பி.காம் சர்டிபிகேட்டைக் கவரிலிருந்து எடுக்கவே இல்லை. அக்கா கேட்டது வேறு. “கொயந்த சாப்ட்டுச்சா?” நான் பதில் சொல்வதற்குள் காய்கறி வரும் ஒரு பிளாஸ்டிக் கிரேட்டைக் கழுவித் துடைத்து, பழைய புடவையை நாலாக மடித்து, இனியாவுக்குப் படுக்கையாக அதில் விரித்துவிட்டார். ஆர்டர் எடுப்பது, தொழிற்சாலைக்காரர்களோடு போனில் பேசுவது, வண்டியில் கூடவே போவது என் வேலை ஆனது. அன்றிலிருந்து நான் அவருக்கு ‘பிகாம்’. என் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

நான் போன் பேச்சின் நடுவே கிரேட் பக்கம் ஓடிக் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். கோமதி அக்கா அரிசி களைவதை நிறுத்திவிட்டுச் சிரிப்பார். கன்னியம்மா அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வார்: “அது மூச்சு வுட்டுகினுதான் கீது. நீ ஒரு தபா மூச்சு வுடு.”

இன்ஜினைக் கிளப்புகிற ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றிய நாளை கோமதி அக்காவும், பாத்திரம் கழுவுகிற பானுவும் மறந்திருக்க மாட்டார்கள். சாப்பாடு முழுவதும் ஏற்றியாகிவிட்டது. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்துத் தையற்கடைக்காரரும் ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர்களும் வந்து கை கொடுக்க, நாங்கள் தள்ளித்தான் வண்டி கிளம்பியது. போய்ச் சேர்ந்த பிறகும் அக்கா இன்ஜினை நிறுத்தவில்லை. தொழிற்சாலை கேட்டிலிருந்த வாட்ச்மேன், புகையாக வருகிறது, ஆஃப் செய்யுங்கள் என்று கத்தினார். “நிறுத்துறேன் சார். அப்பால நீதான் தள்ளணும், சரியா?” என்றார் அக்கா. வாட்ச்மேன் கேட்டை அகலத் திறந்துவிட்டார்.

மெக்கானிக் பாய் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை பொறுக்க அக்காவுக்கு மனமில்லை. திரும்பும் வழியிலேயே தாம்பரத்தில் ஒரு புது ஸ்டார்ட்டரை வாங்கிக்கொண்டார். “ரெண்டு போல்ட்டு, ரெண்டு வயரு. இதுக்கு இன்னாத்துக்கு பாய்?” என்று, கொட்டகை வாசலில் அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார். பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஸ்பேனர் பெரிய வயரின் நட்டிலும் இன்ஜினிலும் ஒரே நேரத்தில் பட்டது. தீபாவளிப் பொறி மாதிரி ஒரு வெளிச்சம். அக்கா தவழ்ந்து வெளியே வந்து, ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். எலி கடித்தது போல ஸ்பேனரின் வாய் ஒரு பக்கம் உருகியிருந்தது. அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு எழுந்துபோய் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றினார். நான் அழுகிற நிலையில் இருந்தேன். என்னைப் பார்த்துச் சொன்னார்: “மொதல்ல மைனஸ கயட்டு. அப்பால பயப்படு.” வண்டிக்குச் சொன்னது எனக்கு எல்லாவற்றுக்கும் ஆகிவிட்டது. இனியாவின் தடுப்பூசிக் காய்ச்சலின்போதும் இதையேதான் சொன்னார்.

கீழ் போல்ட் சுலபமாக வந்தது. மேல் போல்ட் இன்ஜினுக்குப் பின்னால், கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருந்தது. அக்காவின் கை வளையலோடு நுழையவில்லை, வளையலைக் கழற்றிய பிறகும் நுழையவில்லை. “பிகாம், உன் கை கொத்தவரங்கா மாதிரிதான கீது, நீ வா” என்றார். பார்க்க முடியாததைத் தடவித் தடவித்தான் கழற்றினேன். கடைசிச் சுற்று வந்ததும் மோட்டார் அப்படியே இறங்கியது. கீழே படுத்திருந்த அக்கா அதை மார்போடு வாங்கிக்கொண்டார். “யம்மா, இன்னா கனம். உன் கொயந்தயே தேவல.”

புதியதை மாட்டி, மைனஸைப் போட்டு, சாவியைத் திருப்பினார். ‘டிக்.’ திரும்பவும் திருப்பினார். அதே ‘டிக்’தான். ஏதோ சூடான வாசனை வந்தது. பேட்டரியிலிருந்து வண்டியின் பாடிக்குப் போகிற எர்த் வயரைத் தொட்டேன், சுட்டது. அதன் முனை பச்சை பூத்துப் போயிருந்தது. பானு பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைக் கொண்டுவந்து பளபளவென்று தேய்த்து முடுக்கியதும் இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. பழைய ஸ்டார்ட்டரில் கோளாறே இல்லை. ஒரு மதியம் முழுக்க நல்ல பொருளைக் கழற்றி எடுத்திருக்கிறோம். அக்கா மண்ணிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பழையதையே மாட்டிவிடலாமே என்று கேட்டேன். “வுடு. அது நல்லா கீதுன்னு நமக்குத் தெரியும்ல. அது போதும்” என்றார். அன்றிலிருந்து அது பாலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு கொட்டகையின் பின்கதவுக்கு முட்டுக்கொடுத்து நின்றது. இனியா நடக்கப் பழகியபோது முதலில் பிடித்துக்கொண்டு எழுந்தது அதைத்தான்.

இன்னொரு நாள் வண்டலூர் தாண்டியதும் இனியாவுக்கு என் மடியிலேயே ஜுரம் ஏறியது. நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லப் பயம். பின்னால் அவ்வளவு பேருடைய சாப்பாடு இருக்கிறதே. அக்கா ஒருமுறை எங்களைப் பார்த்தார், வண்டியைத் திருப்பிவிட்டார். “சாம்பார் ஆறுனா சுட வெச்சிக்கலாம்” என்றார். டாக்டரிடம் எங்களை இறக்கிவிட்டு அதன் பிறகுதான் போனார். ஏன் இவ்வளவு தாமதம் என்று தொழிற்சாலையில் சத்தம் போட்டதற்கு, டீசல் போட நின்றுவிட்டேன், என் தப்புதான் என்றாராம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. பின்னொரு நாள் அந்த வாட்ச்மேன் சொல்லித்தான் தெரிந்தது.

சரி, இப்போது நடந்ததற்கு வருகிறேன். மார்க்கெட்டிலிருந்து கயிறு கட்டி இழுத்துவந்த வண்டி கொட்டகை வாசலில் நிற்கிறது. தயாளன் அண்ணன் எவ்வளவோ முயன்றும் ஸ்டார்ட் ஆகவில்லை. பார்த்தால் அக்கா நினைப்புதான் வருகிறது, பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறேன் என்றார். அவர் மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. அவர் பேசியது என்னிடம், பார்த்துக்கொண்டிருந்தது அந்த டிரைவர் சீட்டை. ஒரே ஒரு நாள் பொறுங்கள் அண்ணா என்று கேட்டுக்கொண்டு மெக்கானிக் பாயை வரவழைத்தேன்.

பேட்டரி நன்றாக இருந்தது. எர்த் வயரும் சுத்தமாக இருந்தது. தெருவில் நின்ற மழைத்தண்ணீர் உள்ளே போய், அன்று புதிதாக மாட்டிய ஸ்டார்ட்டர் இப்போது நிஜமாகவே போய்விட்டது என்றார் பாய். நான் பின்கதவைக் காட்டினேன். அவர் பையைப் பிரித்து, மோட்டாரைத் தரையில் வைத்துக் காலால் அழுத்திக்கொண்டு, பேட்டரியிலிருந்து வயர் கொடுத்தார். அது துள்ளிச் சுற்றியது. மேல் போல்ட்டை நான் கழற்றுகிறேன் பாய் என்றேன். சிரித்துக்கொண்டே வழிவிட்டார். மைனஸை அவர் ஏற்கெனவே கழற்றியிருந்தார். இருந்தாலும் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையை உள்ளே விட்டேன். அந்த இடம் என் விரல்களுக்கு நினைவிருந்தது. எல்லாம் முடிந்ததும் சாவியைத் தயாளன் அண்ணன்தான் திருப்பினார். ஒரே திருப்பில் இன்ஜின் பிடித்தது. வெகுநேரம் அவர் அதை அணைக்கவில்லை.

“ஓட்ட ஆள் யாரும்மா கீது?” என்று கேட்டார்.

“நான் ஓட்டுறேன் அண்ணா” என்றேன்.

சொன்ன பிறகுதான் பயந்தேன். லைசென்ஸ் இருக்கிறது. சாப்பாட்டை இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பும்போது அக்கா பல நாள் என் கையில் கொடுத்திருக்கிறார். ஆனால் அப்போதெல்லாம் பக்கத்தில் அவர் இருந்தார். தொழிற்சாலைக்காரர்கள் திங்கட்கிழமைவரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குச் சாப்பாடு போகாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. திங்கட்கிழமை சாப்பாட்டோடு வண்டி கிளம்பினால் கொட்டகை நம்முடையது என்று தயாளன் அண்ணன் சொல்லிவிட்டார். கிளம்பாவிட்டால் வண்டியும் போகும், அடுப்பும் அணைந்ததுதான். நாம் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம்.

வாய் உருகிய அந்த ஸ்பேனரைத் தயாளன் அண்ணன் எனக்கே கொடுத்துவிட்டார். இதை எழுதும்போது பக்கத்தில் இருக்கிறது. கொட்டகையின் பின்கதவு முட்டு இல்லாமல் இப்போது காற்றில் அடித்துக்கொள்கிறது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அக்கா உள்ளே வருகிற மாதிரியே திரும்பிப் பார்க்கிறேன். வேறு எதையாவது வைத்து அதை நிறுத்த இன்னும் மனம் வரவில்லை.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரு வழக்கத்தை. என்ன அவசரமானாலும் பக்கத்து சீட்டில் ஆள் இல்லாமல் அவர் சாப்பாட்டு வண்டியை எடுத்ததில்லை. நாங்கள் யாரும் இல்லாத நாளில் தையற்கடைக்காரரையாவது ஏற்றிக்கொள்வார். “அந்த சீட்டு காலியா இருந்தா கை ஸ்டியரிங்ல நிக்காது” என்பார். ஊரே பார்க்க அத்தனை தைரியமாக ஓட்டியவருக்கும் தனியாகப் போகப் பயம் இருந்திருக்கிறது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அவர் இருக்கும்போது ஒருநாளாவது கேட்டிருக்கலாம்.

இனியா தன் கிரேட்டைவிட எப்போதோ பெரியவளாகிவிட்டாள். வண்டி ஓட்டிக்கொண்டு மடியிலும் வைத்துக்கொள்ள முடியாது, அவளைக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கோமதி அக்கா, அடுப்பையும் அவளையும் பார்த்துக்கொள்ள நீங்கள் வருவீர்களா? பானு, மற்றவர்களே, திங்கட்கிழமை என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வர உங்களில் ஒருவர் வேண்டும். யார் என்று சீக்கிரம் பதில் போடுங்கள்.