கடன் அடைந்த வீட்டின் வாடகை

என் நாத்தனாருக்கு நகராட்சியின் வீட்டுவசதிப் பிரிவில் வேலை. நகராட்சி வாடகைக்கு விட்டிருக்கும் எங்கள் குடியிருப்பில் அவளுக்குச் 'சாக்பீஸ் மேடம்' என்று பெயர். மழை விட்டதும் வந்துவிடுவாள். சுவரில் எங்கே ஈரம் தெரிகிறதோ அதைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுவாள். அடுத்த மழையில் ஈரம் கோட்டைத் தாண்டினால்தான் கொத்தனார் வருவார். இல்லாவிட்டால் தலைகீழாக நின்றாலும் வரமாட்டார். அண்ணன் வீடாயிற்றே என்று எனக்காவது சலுகை உண்டா? மூச்! மதியம் என் கையால் சாப்பிட்டுவிட்டு, என் சமையலறைச் சுவரிலேயே கோடு போட்டுவிட்டுப் போவாள்.

அலுவலக விஷயத்தை வீட்டில் பேசவும் மாட்டாள். என் மகள் கைக்குழந்தையோடு ஒரு கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் அல்லாடிக்கொண்டிருந்தாள். நகராட்சி வீட்டுக்கு மனுப் போட்டுக் காத்திருந்தாள். "அத்தைக்காரி ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவா?" என்று ஜாடை பேசினால், "வீடு ஒதுக்குறவங்க வேற அண்ணி" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த நேரம் பார்த்து ஒரு செய்தி காதில் விழுந்தது. எங்கள் குடியிருப்பைக் கட்ட வாங்கிய கடன் எப்போதோ அடைந்துவிட்டதாம். அப்புறம் எதற்கு அதே வாடகை? என் வாய் சும்மா இருக்குமா? என் தையல் கடைக்கு வந்த ஒவ்வொருத்தியிடமும் ஓதினேன். குடியிருப்பவர்கள் கூடிக் கை தூக்கி வாடகையை முடிவு செய்வது எங்கள் நகராட்சி வழக்கம். பாதியாகக் குறைத்தே ஆகவேண்டும் என்று எல்லோரையும் திரட்டிவிட்டேன்.

கூட்டத்துக்கு நகராட்சி யாரை அனுப்பியது? சாட்சாத் என் நாத்தனாரை!

ஒரு பிடி பிடித்தேன். "கடன்தான் அடைஞ்சாச்சே! இன்னும் எங்க மடியில எதுக்குக் கை வைக்கிறீங்க?" கைதட்டல் அள்ளிக்கொண்டு போனது.

அவள் அசரவில்லை. "நம்ம கட்டடம் எப்படி எழும்புச்சு தெரியுமா அண்ணி? அப்ப இங்க வந்த வாடகை தவணைக்குப் பாதி கூடக் காணாது. மீதியைக் கட்டினது மார்க்கெட்டுக்குப் பின்னால நகராட்சியோட ஓட்டு வீடுங்கள்ல வாடகைக்கு இருந்தவங்க. அவங்க வீட்டுக் கடன் அப்பவே அடைஞ்சுபோச்சு. ஆனாலும் குறைக்கச் சொல்லி அவங்க கை தூக்கல. எல்லார் வாடகையும் ஒரே உண்டியல்லதான் விழுது. முதல்ல கடன், அப்புறம் ரிப்பேரு, மிச்சத்துல புது வீடு. இப்ப உங்க வாடகையிலதான் பாலத்துக்கிட்ட புதுக் கட்டடம் ஏறுது. ரெண்டு மாடி முடிஞ்சிருக்கு. நீங்க குறைச்சா அதோட நின்னுடும்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஓட்டு வீட்டுக்காரர்கள் என்றால் யார்? மூட்டை தூக்கியவர்கள், காய் விற்றவர்கள். நான் கல்யாணமாகி வந்து இறங்கிய வீட்டுக்கு, பிள்ளை பெற்று வளர்த்த வீட்டுக்கு, என் முகமே தெரியாமல் மாசாமாசம் கொடுத்திருக்கிறார்கள்! அம்மாடி, எவ்வளவு பெரிய மனசு! நானோ இத்தனை காலமும் அரசாங்கம் எங்கிருந்தோ கொட்டுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"குறைக்கணும்கிறவங்க கை தூக்கலாம்" என்றார்கள். எல்லோரும் என் கையைத்தான் பார்த்தார்கள். அது மடியை விட்டு எழும்பவே இல்லை.

"ஏத்திவிட்டதே நீதானேக்கா!" என்று பக்கத்து வீட்டுக்காரி இடுப்பில் கிள்ளினாள்.

"பேசாம இருடி" என்றேன். கடைசியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கைகள் எழுந்தன. வாடகை அப்படியே நின்றது.

புதுக் கட்டடம் முழுசாக எழும்பியதும், என் மகளுக்கு அதில் மூன்றாவது மாடியில் வீடு கிடைத்தது. சாவி வாங்கிய அன்று பேச்சோடு பேச்சாக, "கூட்டத்துக்கு முன்னாடியே இது எனக்குன்னு முடிவாயிடுச்சாம்மா. அத்தைக்கு அப்பவே தெரியுமாம்" என்றாள். நான் மட்டும் ஜெயித்திருந்தால் இந்த மாடியே கிடையாது!

நாத்தனாரைப் பிடித்துக்கொண்டேன். "அடிப்பாவி, கல்லுளிமங்கி! அன்னிக்கு என் காதுல ஒரு வார்த்தை போட்டா என்ன?"

அவள் புது வீட்டு ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லியிருந்தா உங்க பொண்ணுக்காகக் கையை இறக்கியிருப்பீங்க அண்ணி. இங்க குடிவர்ற மத்தவங்களுக்காக யாரு இறக்குறது?"

எனக்குக் கண் கலங்கியது. மேல் மாடியில் யாரோ கட்டிலை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் என்னைத் தெரியாது.