ஒட்டு தெரியாத படகு

ஒரகடம் ஷெட்டில் ஒரு பழைய பைபர் படகில் அடைத்த ஓட்டையின் மேல்பூச்சுக்கு நீலம் கலக்கிக்கொண்டிருந்தேன். டப்பாவைத் திறந்ததும் ரெசின் பசையின் நெடி மூக்கில் ஏறியது. அப்பாவின் சட்டையில் எப்போதும் இருந்த நெடி.

மண்ணூரில் அப்பாவும் இதே வேலைதான் செய்தார். ஒருமுறை ஏரிப் படகின் அடியில் விழுந்த ஓட்டையை அடைத்தார். ஈரத்தில் நிறம் ஏமாற்றும் என்று, கலந்த நிறத்தைச் சிறு பைபர் துண்டில் தடவி வெயிலில் காயவைத்துப் பார்ப்பார். சரியாக வரும்வரை அவருக்குச் சோறு இறங்காது. உள்ளும் புறமும் வழவழவென்று தேய்த்துவிட்டு, "எங்க ஒட்டுனேன் சொல்லு பாப்போம்" என்றார். எனக்குத் தெரியவில்லை. அவருக்கு ஒரே சிரிப்பு.

அந்த வருஷ மழையில் தெருவெல்லாம் வெள்ளம். அதே படகில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். பாதி வழியில் என் பாதம் நனைந்தது, பிறகு கணுக்கால். தண்ணீர் அடியிலிருந்து ஏறியது. அப்பா துடுப்பைப் போட்டுவிட்டு மண்டியிட்டு, கலங்கல் நீருக்குள் இரண்டு கையாலும் துழாவினார்.

"எங்க ஒட்டுனேன்? எங்கடி?"

அவர் குரல் நடுங்கி அதுவரை நான் கேட்டதே இல்லை. எங்கு தடவினாலும் வழவழப்பு. கடைசியில் என் குதிகாலில் ஜில்லென்று ஏதோ பீறிட்டது.

"இங்கப்பா!"

தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி அடைத்தார். கரை வரும்வரை அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

"சூப்பர்க்கா, ஒட்டே தெரியல" என்றார் ஷெட் சூப்பர்வைசர், காய்ந்த நீலத்தைப் பார்த்து. பிறகு உள்பக்கம் கைவிட்டுப் பார்த்தார். "இங்க இன்னா சொரசொரன்னு கீது? தேய்க்கலையா?"

"அத அப்படியே வுடுங்க சார். தண்ணிக்குள்ள தடவுனா கைக்குத் தெரியணும்."