ஏழாம் நம்பர் துப்பாக்கி

அண்ணன் போய் மூன்று மாதமாகிறது. இன்னும் என்னிடம் ஏழு கேட்டுக்கொண்டிருக்கிறான். வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது கேட்கிறான், சோறு வடிக்கும்போது கேட்கிறான். “ஏட்டி, ஏழு! ஏழக் குடு!” திரும்பிப் பார்த்தால் யாரும் இருப்பதில்லை. பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறேன். அவன் ஏன் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். அவன் மனைவிக்கு, என் மதினிக்கு, போன வாரம்வரை தெரியாது. சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன், சொல்லாமல் வீடு திரும்புவேன்.

ஏழு என்பது ஒரு துப்பாக்கி. நிஜத் துப்பாக்கி இல்லை.

தென்காசியில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அண்ணன் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். கடை மூலையில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். அதில் நாங்கள் பள்ளிக்கூடம் படித்த காலத்து விளையாட்டு ஒன்று இருந்தது. ஏதோ ஒரு கிரகத்தில் ஆராய்ச்சிக் கூடம், மனிதர்கள் எல்லோரும் செத்துவிட்டார்கள், மிச்சம் நாம் ஒருவர்தான். கதவு கதவாகத் திறந்து போனால் கொம்பு வைத்ததெல்லாம் வந்து பாயும். திரையில் நம் கையும் துப்பாக்கியும் மட்டும் தெரியும். அதற்குப் பிறகு எத்தனையோ விளையாட்டுகள் வந்துவிட்டன. அண்ணன் எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்பத்தைந்து வயதிலும் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, கடையில் ஆள் வராத நேரம், எனக்குப் போன் வரும். நானும் டீச்சர் என்கிற கௌரவத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுவேன்.

ஒரே கீபோர்டில் இரண்டு பேரும் ஆடுவோம். நடப்பதும் சுடுவதும் அவன். மேல்வரிசையில் உள்ள எண்கள் என் பொறுப்பு. எந்த எண்ணை அமுக்குகிறேனோ அந்தத் துப்பாக்கி அவன் கைக்கு வரும். சின்ன வயதில் எனக்கும் வேண்டும் என்று நான் அழுது ஆர்ப்பாட்டம் செய்ததால் வாய் அடைக்கக் கொடுத்த வேலை அது. பிறகு அதுவே பழகிவிட்டது. எனக்கு இன்றுவரை அந்த விளையாட்டில் ஒழுங்காக நடக்கத் தெரியாது.

ஒன்று வெறும் கை முஷ்டி. இரண்டாவது பிஸ்டல், கொசு அடிக்க லாயக்கு. எங்கள் அன்றாடப் பிழைப்பு மூன்றாம் நம்பர், நாட்டுத் துப்பாக்கி மாதிரி ஒன்று. நாலு படபடவென்று குண்டைத் தின்று தீர்க்கும். ஐந்து ராக்கெட். அதைப் பக்கத்துச் சுவரில் அடித்துவிட்டு நாங்களே செத்ததுதான் அதிகம். ஆறு நீல வெளிச்சத்தைத் துப்பும்.

ஏழுதான் எல்லாவற்றுக்கும் மேலே. ஆனால் அது சுட்டவுடன் சுடாது. உள்ளே மிக்ஸி ஓடத் தொடங்குவது போல ஒரு இரைச்சல் வரும், ஒரு மூச்சு நேரம் போகும், பிறகுதான் பச்சையாக ஓர் உருண்டை கிளம்பும். கிளம்பிவிட்டால் அறையில் இருக்கிற அத்தனையும் காலி. அதனால் அதைத் தூரத்திலேயே எடுத்துவிட வேண்டும். எதிரி பக்கத்தில் வந்த பிறகு எடுத்தால் அந்த ஒரு மூச்சுக்குள் நம் கதை முடிந்துவிடும்.

நான்தான் எடுக்க விடமாட்டேன். அதற்கான சார்ஜ் அபூர்வமாகத்தான் கிடைக்கும். செலவழிக்க எனக்கு மனசு வராது. அவன் ஏழு கேட்டால் ஆறைக் கொடுப்பேன்.

“கடைசில பெருசு வரும்லா, அதுக்கு வேணும்.”

“இதாம்ட்டி பெருசு! குடுட்டி!”

அதற்குள் திரை சிவந்துவிடும். ஏழாம் நம்பர் சார்ஜை நிறைய நிறைய வைத்துக்கொண்டு செத்துக் கிடப்போம். “கஞ்சப் பிசினாறி, ஒன்னக் கெட்டுனவன் பாவம்” என்பான். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குவோம்.

சீசன் தொடங்கிய வாரத்தில் அண்ணன் கண் மஞ்சளானது. குற்றாலத்தில் தண்ணீர் விழுந்து, ஊரெல்லாம் வேனும் காருமாக இருந்த நேரம். மஞ்சள் காமாலை என்றால் எங்கள் பக்கத்தில் முதல் வைத்தியம் கீழாநெல்லிதான். மதினி வரப்பில் பறித்து வந்து, அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுத்தார். உப்பில்லாப் பத்தியம். ரத்தம் பார்த்த டாக்டர் மட்டும், ஈரல் சரியில்லை, திருவனந்தபுரம் கொண்டுபோய்விடுங்கள் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார்.

எங்கள் ஊரில் திருவனந்தபுரம் என்றால் கடைசி. முதலில் உள்ளூர், பிறகு திருநெல்வேலி, அதற்கும் கேட்காவிட்டால்தான் செங்கோட்டையைத் தாண்டுவார்கள். ஒருவரைத் திருவனந்தபுரம் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றாலே தெருவில் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுவார்கள்.

அந்தச் சனிக்கிழமையும் அண்ணன் கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டான். விளையாடினோம். பெரிய கதவு ஒன்றின் முன்னால் நிறுத்தினான். திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“ஏட்டி, திருவனந்தபுரம் போயிருவமா?”

கடை வாசலில் என் கார் நின்றது. கையில் பணம் இருந்தது. டாக்டர் கடிதம் அவன் சட்டைப் பையில் இருந்தது.

“மருந்து குடிச்சு மூணு நாள்தான ஆவுது? இங்கன பாப்போம். கேக்கலன்னா திருநெல்வேலி. அது கடைசிக்கு இருக்கட்டும்ணே.”

அவன் சிரிக்கவில்லை. கஞ்சப் பிசினாறி என்றும் சொல்லவில்லை. சரி என்று சொல்லி, ஆட்டத்தைச் சேமித்துவிட்டு எழுந்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் பேச்சு குழறியது. மதினியைப் பார்த்து நீங்க யாரு என்று கேட்டான். திருவனந்தபுரத்துக்கு நான்தான் காரை ஓட்டினேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. புளியரை வளைவில் லாரிகள் வரிசையாக நின்றன, ஒரு மணி நேரம் அசையவில்லை. தென்மலை தாண்டியபோது மதினி மடியில் அவன் தலை கனத்துவிட்டது.

அன்றிலிருந்து மதினி வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்கிறார்: “நான் அரைச்சுக் குடுத்துதான் அவுகளக் கொன்னேன்.” இன்றுவரை உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அப்படிச் சொல்லாதீங்க மதினி என்பேன். அதற்கு மேல் வார்த்தை வராது. வந்தால் என் பங்கு வெளியே வந்துவிடுமே. பழியை அவர் சுமந்துகொண்டிருக்க, நான் பேசாமல் இருந்தேன். இதைவிடக் கேவலமாக நான் எதுவும் செய்ததில்லை.

போன சனிக்கிழமை மதினி வரச் சொன்னார். கடையை வேறு ஆளுக்கு விடப்போகிறார்கள், கம்ப்யூட்டரைப் பழைய சாமானுக்குப் போடுமுன் வேண்டியதை எடுத்துக்கொள் என்றார். மதியம் போனேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தைத் திறந்தேன். அதே கதவு. உயிர் நூற்றுக்குப் பதினாலு. ஏழாம் நம்பர் நிறைய இருந்தது.

ஏழை அமுக்கினேன். தட்டுத் தடுமாறி நடந்து கதவைத் திறந்தேன். தூரத்தில் பெரிதாக ஏதோ எழுந்தது. பக்கத்தில் வரும்வரை காத்திருக்கவில்லை, சுட்டேன். இரைச்சல், ஒரு மூச்சு, பிறகு திரை முழுக்கப் பச்சை. அறை காலியாகிவிட்டது. இவ்வளவுதான் வேலை. எனக்கு அழுகை வந்தது. வாய்விட்டு அழுதேன்.

ஜெராக்ஸ் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்த மதினி ஓடி வந்தார். சொல்லிவிட்டேன். அவன் கேட்டது, நான் சொன்னது, கார் வாசலில் நின்றது, எல்லாம். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

மதினி துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“வெள்ளிக்கெழமையே என்ட்ட கேட்டாக. எனக்கு என்ன தெரியும்? உங்க தங்கச்சி படிச்சவ, அவள்ட்ட கேளுங்க, அவ சொன்னா சரியா இருக்கும்னேன். அதுக்குத்தான் மறுநா உன்ட்ட வந்தாக.”

வாசலில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. செங்கோட்டை பஸ்ஸும் போனது. அவனே ஒரு பஸ் ஏறிப் போயிருக்கலாம். சட்டைப் பையில் கடிதம் இருந்தது, சனிக்கிழமை அவனுக்கு நடக்கத் தெம்பும் இருந்தது. அவன் போகவில்லை. நாங்கள் சொன்னதை நம்பி வீட்டில் இருந்துவிட்டான்.