மாமனார் எழுந்து கொடுத்த நாற்காலி

என் சகலையைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இதை மூடி மறைத்து எழுத எனக்குத் தெரியாது. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். குடி கிடையாது. பொள்ளாச்சியில் தென்னைநார் மில், வெள்ளைக் கார், என்னைவிட எட்டு வயது குறைவு, தலையில் முடி ஒன்றுகூடக் கொட்டவில்லை. எங்கே பார்த்தாலும் "அண்ணா, சௌக்கியமுங்களா?" என்று முதலில் கும்பிடுகிறவனும் அவன்தான். இப்படிப்பட்ட ஒருத்தனை எந்தக் குறையைச் சொல்லி வெறுப்பது? அதற்காக வெறுக்காமல் இருந்துவிடவில்லை.

நான் பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு பால் சொசைட்டியில் பால் சோதிக்கிறவன். வீட்டில் நான்கு மாடு. மாமனாருக்கு ஆண் பிள்ளை இல்லை, பெண்கள் இரண்டு பேர். மூத்தவளை நான் கட்டினேன், இளையவளை அவன் கட்டினான். மூத்த மருமகன் என்ற பெயர் எனக்கு, மரியாதையெல்லாம் அவனுக்கு.

மாமனார் வீட்டு ஆசாரத்தில், அதாவது நடுக்கூடத்தில், ஒரு சாய்வு நாற்காலி இருந்தது. தேக்கு, பிரம்புப் பின்னல், காலைத் தூக்கி நீட்டிக்கொள்ள இரண்டு பக்கமும் நீளமான கை. நெல்லியாம்பதி எஸ்டேட் துரை ஊரைவிட்டுப் போனபோது பங்களா சாமான்களை ஏலம் போட்டார்களாம், அதில் மாமனாரின் அப்பா எடுத்தது. அதில் மாமனார் மட்டும்தான் உட்காருவார். ஆனால் வாசலில் சகலையின் கார் சத்தம் கேட்டால் போதும், மனுசன் எழுந்து நின்றுவிடுவார். துண்டால் பிரம்பைத் தட்டிவிட்டு, "வாங்க மாப்பிள்ளை, இப்படி உக்காருங்க" என்பார். நான் போனால் எழுந்திருக்க மாட்டார். "வாங்க, அந்தச் சேரை இழுத்துப் போட்டுக்கங்க" என்பார். அது ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு கால் விரிந்திருக்கும், உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சரியும். இருபத்தாறு வருடம் அதில் சரிந்துகொண்டே காப்பி குடித்திருக்கிறேன்.

மாமியார் முதலில் போனார், இரண்டு வருடம் கழித்து மாமனாரும் போனார். வீட்டையும் தோப்பையும் விற்பதென்று முடிவாயிற்று. எங்கள் பக்கத்தில் இப்படிப் பிரிக்கும்போது ஒரு வழக்கம் உண்டு. நிலத்தை அளந்து பிரித்துவிடலாம், பாத்திரத்தை எடை போட்டுவிடலாம். ஒன்றே ஒன்றாக இருக்கிற சாமானை என்ன செய்வது? அதற்கு ஊட்டு ஏலம், அதாவது வீட்டுக்குள்ளேயே ஏலம் போடுவார்கள். வெளியாள் கேட்கக் கூடாது, பங்கு உள்ளவர்கள் மட்டும்தான். மூத்தவர் முதலில் கேட்க வேண்டும். கேட்ட காசைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டுத்தான் சாமானைத் தொடலாம், அப்புறம் தருகிறேன் என்கிற பேச்சே கிடையாது. கடைசியில் தாம்பாளத்தில் இருப்பதைச் சரிபாதியாகப் பிரித்து இரண்டு பக்கமும் கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் ஏலத்துக்கு மூன்று சாமான்தான். மாமியாரின் கெம்புக்கல் அட்டிகை, அந்த நாற்காலி, சுவர்க் கடிகாரம். வெட்டிப் பிரிக்க முடியாதவை அவ்வளவுதான்.

ஏலத்தன்று காலையில் பஸ்ஸில் என் மனைவி என் பக்கம் சாய்ந்து சொன்னாள். "ஏனுங்க, எனக்கு அட்டிகையெல்லாம் வேண்டாமுங்க. அது தங்கச்சிக்கு ஆசை. அந்தக் கடிகாரத்தை மட்டும் உட்றாதீங்க."

அவள் என்னிடம் எதையும் கேட்கிறவள் அல்ல. அதனால்தான் அந்த வாக்கியம் அப்படியே நினைவிருக்கிறது. பெண்டுலம் ஆடும் பழைய கடிகாரம் அது, வாரம் ஒரு முறை சாவி கொடுக்க வேண்டும். பத்து வயதிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் முக்காலி போட்டு ஏறிச் சாவி கொடுத்தவள் இவள்தான். சித்தூர் காலேஜில் சேர்ந்தபோது பெண் பஸ்ஸைத் தவறவிட்டுவிடக் கூடாதென்று மாமனார் அதைப் பத்து நிமிடம் முந்தி வைத்தார். படிப்பு முடிந்து, கல்யாணமாகி, எங்கள் மகனும் காலேஜ் முடித்துவிட்டான். அந்தப் பத்து நிமிடத்தை யாரும் திருப்பி வைக்கவில்லை. இதையெல்லாம் அவள் எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறாள். "கவலைப்படாதே, எடுத்துட்டுத்தான் வருவேன்" என்றேன். கிடாரி ஒன்றை விற்ற காசு மடியில் கட்டாக இருந்தது.

ஏலம் போட, கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் ராவுத்தரைக் கூப்பிட்டிருந்தோம். இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவர், யாருக்கும் சொந்தமில்லாதவர். மாரியம்மன் கோயில் நோன்பில் எலுமிச்சம்பழம் ஏலம் விடுவதற்குக்கூட ஊரார் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ஆரம்பித்தார். "மூத்த மாப்பிள்ளை, அட்டிகையைக் கேளுங்க."

எனக்கு அது வேண்டாம். மரியாதைக்கு ஒரு தொகை சொல்லிவிட்டு விட்டிருக்க வேண்டும். சகலை அதற்கு மேல் கேட்டான். சட்டைப் பையிலிருந்து புத்தம்புது நோட்டுக் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. ஏற்றினேன். அவன் ஏற்றினான். மறுபடி ஏற்றினேன். என் மனைவி முழங்கையால் இடித்தாள். "உடுங்க, அது அவளுக்கு." இன்னும் ஒரு தடவை ஏற்றிவிட்டுத்தான் விட்டேன். கூடுதல் காசு கொடுத்து அவன் எடுத்தான். அன்றைக்கு என் மனசு குளிர்ந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

அடுத்தது நாற்காலி.

"மூத்த மாப்பிள்ளை, கேளுங்க."

நியாயமான விலையைத்தான் முதலில் சொன்னேன். சகலை என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு ஏற்றினான். அட்டிகையில் நான் ஏற்றிவிட்டதை அவன் விளையாட்டு என்று எடுத்துக்கொண்டிருக்கிறான், அதே விளையாட்டை என்னோடு விளையாடுகிறான். இது இப்போது புரிகிறது. அப்போது என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம், இவன் இதிலும் உட்காரப் பார்க்கிறான் என்பதுதான். உசிரே போனாலும் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஏற்றினேன். "அண்ணன் வெச்ச கண்ணு எடுக்க மாட்டீங்க போல!" என்று சிரித்துக்கொண்டே அவனும் ஏற்றினான். ராவுத்தரே இடையில் நிறுத்தி, "ஏனுங்க, பிரம்பு கிழிஞ்சிருக்குது. பாத்துட்டுத்தான் கேக்கறீங்களா?" என்றார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. நான் இன்னொரு தொகையைச் சொன்னேன். சகலை இரண்டு கையையும் தூக்கிவிட்டான்.

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்."

காசை எண்ணித் தாம்பாளத்தில் வைத்தபோது மடியில் இரண்டு மூன்று நோட்டுதான் மிஞ்சியது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை, தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசி ஏலம், கடிகாரம். மூத்த மாப்பிள்ளை, கேளுங்க."

கையில் இருக்கிற அந்தச் சில்லறைத் தொகையைச் சொல்லியிருக்கலாம். அவன் விட்டுக்கொடுத்திருப்பான், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்ததால்தான் சொல்லவில்லை. ராவுத்தர் இன்னொரு தடவை கேட்டார். சகலை என் பக்கமாக நகர்ந்து, காதோடு காதாகத்தான் சொன்னான், யாருக்கும் கேட்டிருக்காது. "அண்ணா, காசு பத்தலீன்னா நான் வெக்கறனுங்க. நீங்க கேளுங்க. அக்காளுக்குத்தானே."

அவன் அதை அக்கறையோடுதான் சொன்னான். உள்ளங்கால் முதல் உச்சி வரைக்கும் எனக்குக் காந்தியது. பதிலை ஊர் கேட்கச் சொன்னேன்.

"எனக்கு வேண்டாம். பத்து நிமிசம் முந்தி ஓடற கடிகாரம் எவனுக்கு வேணும்?"

சுவரில் கடிகாரம் டக்டக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை, வந்தவுடன் அவள்தான் முக்காலி போட்டு ஏறிச் சாவி கொடுத்திருந்தாள். இப்போது தலையைக் குனிந்துகொண்டு சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சகலை ஒரு தொகை சொன்னான், எதிர்க் கேள்வி இல்லை. மூன்று தரம் சொல்லி முடித்தார் ராவுத்தர்.

கேளுங்கள் கொடுமையை. கால் மணி நேரத்தில் தாம்பாளத்துக் காசைச் சரிபாதி பிரித்து என் கையில் வைத்தார்கள். அந்தக் கடிகாரத்தை மூன்று தடவை வாங்கியிருக்கலாம்.

நாற்காலியைப் பெட்டி ஆட்டோவில் ஏற்றினோம். என் மனைவி முன்னால் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு வேறு இடம் இல்லை. பின்னால், நாற்காலியில், கொழிஞ்சாம்பாறைக் கடைவீதி முழுக்க ஊர்வலம் வந்தேன். சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற ஒருவர் டீக்கடையிலிருந்து எட்டிப்பார்த்து, "என்னங்க, பட்டாபிசேகமுங்களா?" என்று கத்தினார். திட்டுவதற்குள் வண்டி தாண்டிவிட்டது.

வீட்டில் அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அதில் எனக்குப் பழக்கம் உண்டு. சோறு போட்டாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். கூட்டும்போது நாற்காலியைச் சுற்றிக் கூட்டுவாள், அதை நகர்த்த மாட்டாள். "ஒருக்கா உக்காந்து பாரேன்" என்றேன். "எனக்கெதுக்குங்க" என்றாள். நான் உட்கார்ந்தேன். பிரம்பு கிழிந்த இடம் சரியாக இடுப்புக்குக் கீழே குத்தியது. மாமனார் எப்படித்தான் இத்தனை வருடம் உட்கார்ந்தாரோ! ஆனாலும் பிடிவாதமாக, சொசைட்டியிலிருந்து வந்ததும் தினமும் அதில்தான் உட்கார்ந்தேன்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை. நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வாசலில் கார் சத்தம். சகலை வந்தான். ஒரு கையில் டிரில் மிஷின். இன்னொரு கையில், பழைய போர்வையில் சுற்றி மார்போடு அணைத்தபடி, கடிகாரம். பின்னாலேயே மைத்துனி, அட்டிகை போட்டுக்கொண்டு.

"அக்கா, எங்க மாட்டட்டுங்க? சொல்லுங்க."

என் மனைவி அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது, முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை எங்கள் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை. அவனுக்குக் கிடைத்தது அது. எனக்குக் கிடைக்க வேண்டியது, நானே தூக்கி அவனிடம் கொடுத்தது. பொறாமை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அதுவரைக்கும் பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை.

அவனே சுவரில் ஓட்டை போட்டான், அவனே மட்டம் பார்த்து மாட்டினான். பெண்டுலத்தைத் தொட்டு ஆட்டிவிட்டு, கைபேசியில் மணி பார்த்து முள்ளைத் திருப்பி வைத்தான்.

"பத்து நிமிசம் முந்தியே வெச்சிருக்கறனுங்க," என்றான். பிறகு அவனே, "அது அப்படியே இருக்கட்டுமுங்க அக்கா. உங்க தங்கச்சி சொன்னா."

"இருக்கட்டுங்க மாப்பிள்ளை" என்றாள் அவள். வெள்ளிக்கிழமை தவறிப்போனதால் அன்றைக்கே சாவி கொடுக்க ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள்.

சகலை நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். காலை நீட்டி நாற்காலிக் கையின் மேல் போட்டான். எந்த நாற்காலி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் கார் சத்தம் கேட்டபோதே நான் எழுந்து நின்றிருக்கிறேன். என் தோளில் கிடந்த துண்டு கையில் இருந்தது. பிரம்பைத் தட்டிவிட்டது நான்தான். "வாங்க சகலை, இப்படி உக்காருங்க" என்றதும் என் வாய்தான், சற்று முன்பு. யாரும் சொல்லி நான் எழவில்லை.

ஸ்டூல் மேலிருந்து அவள் திரும்பிப் பார்த்தாள். நாற்காலியில் இருந்த அவனைப் பார்த்தாள், துண்டோடு நின்ற என்னைப் பார்த்தாள். ஒன்பது நாளுக்குப் பிறகு அவளாகவே என்னிடம் பேசினாள்.

"எங்கப்பனும் இப்படித்தானுங்க, சத்தங் கேட்டதும் எந்திரிச்சுருவாரு. உங்களுக்குத்தான் அது ஆகாதே." சாவியைத் திருகிக்கொண்டே, "ஸ்டூல் ஆடுதுங்க, செத்தப் புடிங்க" என்றாள்.

நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.