வெளியே நின்று கேட்ட இன்ஸ்பெக்டர்

சப்பாத்துக் காலின் கீழ் சரளைக் கல் நெரிகிற சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் கைகள் தானாகக் கட்டிக்கொள்ளப் பார்க்கும். ஐம்பதுகளில், இலங்கை மலையகத்தில் டிக்கோயாவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், சப்பாத்துப் போட்டவர் யாராக இருந்தாலும் அதிகாரம் உள்ளவர். அவர் எதிரே வந்தால் கையைக் கட்டி, தலை குனிந்து, வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும் என்று நடை பழகும்போதே, தொழிலாளர் வரிசை வீடுகளான 'லயத்தில்' எங்களைப் பழக்கியிருந்தார்கள்.

பள்ளிக்கூடம் என்றால் தகரக் கூரை போட்ட ஒற்றை மண்டபம், ஐந்து வகுப்பு, ஒரே வாத்தியார். கல்வி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, பாடம் சரியில்லை என்று எழுதிவிட்டால் அரசாங்க உதவி நின்றுபோகும், தோட்டத்தை நடத்தும் துரை பள்ளிக்கூடத்தையே மூடிவிடுவார் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. அப்பா என் விஷயத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "மூடிட்டாங்கன்னா இவளுக்கும் பேரு பதிஞ்சிருவோம்." கூலிப் பட்டியலில் 'பேர் பதிந்தால்' மறுநாளே கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்க மலையேற வேண்டியதுதான். பத்து வயதில் எனக்கு அதைவிடப் பெரிய பயம் வேறில்லை.

இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மழைத் தூறலில் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தவர், எங்கள் கொழுந்தை நிறுக்கிற தோட்ட உத்தியோகஸ்தர், 'கண்டாக்கு'. இரண்டு சோடி சப்பாத்து வாசலில் ஏறியதுமே மண்டபம் செத்துப்போயிற்று. வாத்தியார் கேள்வி கேட்டார். ஒரு தலையும் நிமிரவில்லை. முந்தின நாள் பாட்டாய்ப் பாடிய வாய்ப்பாட்டைக் கேட்டார், அதற்கும் மூச்சில்லை. இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். போச்சு, எல்லாம் போச்சு, நாளைக்கே கூடைதான் என்று நினைத்தேன்.

அப்போதுதான் வாத்தியார் சொன்னார்: "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. புள்ளைங்களுக்குத் தெரியும். நீங்க முன்னால இருந்தா வாய் தொறக்காதுங்க. கொஞ்சம் வெளிய நின்னு கேப்பீங்களா?"

அதிகாரியை வெளியே போகச் சொல்வதா, இந்த மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, "சரி, நான் நிற்கிறன். நீர் படிப்பியும்" என்று இறங்கிப் போனார்.

இரண்டு சோடி சப்பாத்தும் மறைந்ததும் எங்களுக்கு உயிர் வந்தது. வாத்தியார் கேட்டார்: "பதினெட்டு றாத்தல் கொழுந்து. ஈரத்துக்கு ரெண்டு றாத்தல் கழிச்சா?" பதினாறு என்று கூரை அதிரக் கத்தினோம். எதற்கும் ஏன் என்று கேட்பது அவர் வழக்கம். "ஏன் கழிக்கணும்?" என்று என்னைப் பார்த்தார்.

"மழையில நனைஞ்ச கொழுந்து கனக்கும் சார். ஆனா நம்ம தோட்டத்துல வெயில் காலத்துலயும் கழிக்கிறாங்க சார்."

சொன்ன பிறகுதான் ஜன்னலோரம் பார்த்தேன். அங்கே இரண்டு குடைகள் இருந்தன.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து, "பிள்ளைகள் யோசிக்குதுகள். நல்ல பாடம்" என்று சொல்லி எழுதிக்கொண்டார். பள்ளிக்கூடம் தப்பியது. கண்டாக்கு போகும்போது என் அருகில் நின்று மெதுவாகக் கேட்டார்: "நீ யாரு மக?" அம்மாவின் பெயரைச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா?

மறுநாள் காலை, ஆட்கள் கூடும் 'பெரட்டில்' வேலை பிரித்தபோது அம்மாவை மட்டும் உச்சி மலைக்கு அனுப்பினார்கள். அட்டைக்காடு அது, கொழுந்தும் சேராது. சாயங்காலம் கணுக்கால் வரை இரத்தம் வழிய வந்தாள். என்னால்தானே என்று அழுதேன்.

"பள்ளிக்கூடத்த மூடலதானே?"

"மூடலம்மா."

"அப்பறம் என்னத்துக்கு அழுவுற? போயி படி."

இப்போது அந்த மண்டபம் இல்லை, மாடிக் கட்டடம் நிற்கிறது. பிள்ளைகள் அதிகாரியின் முகத்தைப் பார்த்தே அவர் பேரைக் கேட்கிறார்கள். எங்களைப் பிடித்திருந்த பயம் ஒழிந்ததில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. நானும் பின்னாளில் வகுப்புகளின் கடைசி வாங்கில் உட்கார்ந்து, கற்பித்தலின் தரத்தைக் கட்டம் கட்டமாக மதிப்பிடும் வேலைக்குத்தான் போனேன். எத்தனையோ பிள்ளைகளிடம் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறேன். நீ யார் பிள்ளை என்று மட்டும் ஒருவரிடமும் கேட்டதில்லை.