தும்மலை ஒளித்து வைத்த மாணவன்: மூன்று வடிவங்களும் ஒரு வாக்குமூலமும்

கதை சேகரிப்பு, வெளியிலிருந்து பார்ப்போருக்குக் காது கொடுக்கும் வேலை. செய்வோருக்கோ, கேட்டவுடன் மகிழ்ந்துவிடக் கூடாதென்று தம்மைத் தாமே கடிந்துகொள்ளும் வேலை. டேப் ரிக்கார்டரும் குறிப்பேடுமாக ஊர் ஊராக அலைந்த சக தொழிலாளர்கள் இதை அறிவார்கள். எனவே முறைப்படி முதலில் சான்று: இக்கதையை நான் தொண்ணூறுகளின் பிற்பகுதியில், ஓர் ஆடி மாத மதிய உணவு வேளையில், தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் கூடமொன்றில், தைத்த துணியில் பிசிறு வெட்டும் பேச்சியம்மாளிடம் கேட்டேன்.

பத்துக் கட்டு

பேய்க்கதை தேடித்தான் போயிருந்தேன். கிடைத்தது வேறு. கடிகாரம் பழுது பார்ப்பவரின் மகன் ஒருவன் மலைமேலுள்ள மந்திரப் பள்ளிக்கூடத்தில் சேர்கிறான். மந்திரம் பாதியில் முறிந்துவிடக் கூடாதென்பதற்காக, சேரும் நாளிலேயே ஒவ்வொரு மாணவனும் தன் தும்மல்களையெல்லாம் ஒரு ஜாடியில் ஒப்படைத்துவிட வேண்டும். இவன் ஒன்றே ஒன்றை மட்டும் மூக்குக்குள் ஒளித்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிடுகிறான்.

முப்பது ஆண்டுகளில் நான் பதிவுசெய்த எந்தக் கதையிலும் இப்படியொரு கூறு இல்லை. "யாரிடம் கேட்டாய்?" என்பது எங்கள் தொழிலின் முதல் கேள்வி. அன்றைய பரவசத்தில் அதைக் கேட்க மறந்து, "அப்புறம்?" என்று கேட்டுவிட்டேன். பேச்சியம்மாள் என் கையில் ஒரு கத்தரியைத் திணித்தாள்.

"மிச்சத்தக் கேக்கணும்னா பத்துக் கட்டு பிசிறு வெட்டுங்க சார், இங்க எல்லாரும் அப்படித்தான் கேக்காவ!"

வெட்டினேன்.

பஞ்சு மழை

ஒரு கதைக்கு ஒரு வடிவம் போதாது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை வாசலில், ஷிப்ட் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்த சுடலைமுத்துவிடம் இதே கதையைக் கேட்டபோது டேப் ரிக்கார்டரில் புது கேசட்டைப் போட்டேன். அவருடைய வடிவத்தில் மார்கழி பிறந்ததும் பள்ளிக்கூடத்தின்மீது வானத்திலிருந்து பஞ்சு கொட்டுகிறது. பிள்ளைகள் அதை உருட்டி ஒருவர்மேல் ஒருவர் எறிகிறார்கள்.

வீட்டுக்கு வந்து பஞ்சு மழையின் தொன்மை குறித்து மட்டும் மூன்று பக்கம் எழுதினேன். மறுநாள் அவரிடமே திரும்பிச் சென்று, வானத்திலிருந்து பஞ்சு ஏன் விழுகிறது என்று பணிவாக விளக்கம் கேட்டேன். அவர் தம் தலைமுடியை ஒரு தட்டுத் தட்டினார். பஞ்சுத் தூசி பறந்தது.

"பஞ்சு விழாம பின்ன என்னத்த சார் விழும்? நீங்க ஒருநாளும் மில்லுக்குள்ள வந்ததில்லையா?"

அடுப்பில்லாத பால்கோவா

மூன்றாம் வடிவம் ஸ்ரீவில்லிபுத்தூரில், பால்கோவா கிண்டும் காதர் பாயிடம் கிடைத்தது. இதில் மாணவர்களுக்குக் கடைசிப் பரீட்சை, அடுப்பு மூட்டாமல் அண்டாப் பாலைச் சுண்ட வைப்பது. துடுப்பை நிறுத்தாமலேயே சொன்னார்; நான் கேட்ட குறுக்குக் கேள்விகளில் பால் லேசாக அடிப்பிடித்தது.

அத்துடன் என் பொறுமையும் தீர்ந்தது. 'தென்பாண்டிச் சீமையில் மந்திரக் கல்வி: பதிவு பெறாத ஒரு தொல்கதை' என்று தலைப்பிட்டு, ஒரு கல்லூரிக் கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்பினேன். அழைப்பிதழிலும் என் பெயரோடு அச்சாகிவிட்டது. முப்பதாண்டு உழைப்புக்குக் கிடைத்த மகுடம் என்றே எண்ணினேன். விவரம் சொன்னதும் காதர் பாய் சிரித்தார்.

"அடுப்பில்லாமப் பால சுண்ட வப்பான்னா, அவன் மந்திரவாதி இல்ல சார், எங்க வீட்டுக்கு மாப்பிள!"

கேட்காத கேள்வி

கருத்தரங்குக்குப் பத்து நாள் இருக்கையில், கதை முடிவைச் சரிபார்க்கத் தளவாய்புரம் போனேன். பேச்சியம்மாளின் மடியில் அட்டை கிழிந்த ஓர் ஆங்கில நாவல் கிடந்தது.

"இது என்னம்மா?"

"நம்ம கததான் சார். ரெண்டு மாசத்துக்கு முன்ன பழைய புத்தகக் கடையில வாங்குனேன். பஸ்ல வரும்போது படிச்சிட்டு, இங்க வந்து தமிழ்ல சொல்லுவேன்."

"அப்படியானால் பஞ்சு மழை?"

"புத்தகத்துல பனி சார். நானும் பனின்னுதான் சொன்னேன். சுடலைமுத்து அண்ணன் சம்சாரம் இங்கதான் பட்டனுக்குக் காஜா எடுக்காவ. மில்லுக்குப் போயி பஞ்சா மாறிருச்சு போல."

காதர் பாயின் தங்கை மூன்றாவது மிஷினிலிருந்து கையசைத்தாள். என் தொல்கதைக்கு வயது இரண்டு மாதம். "இதை முதலிலேயே ஏனம்மா சொல்லவில்லை?" என்றேன்.

"நீங்க கேக்கலையே சார்!"

பென்சில்

நாவலை வாங்கி வந்தேன், என் கட்டுரையில் எதையாவது காப்பாற்ற முடியுமா என்று பார்ப்பதற்காக. முதல் பக்கத்திலேயே கரும்பலகை கொட்டாவி விட்டது. மூன்றாம் அத்தியாயத்தில் அந்தப் பயல் மந்திரத்தைத் தலைகீழாகச் சொல்ல, விடுதியிலிருந்த செருப்புகளெல்லாம் வரிசையாக மரமேறின. தலைமையாசிரியரின் தாடி காக்கையாகிப் பறந்தபோது நான் நாற்காலியிலிருந்து ஏறக்குறைய விழுந்துவிட்டேன். கட்டுரையை மறந்தேன், காபியை மறந்தேன், மாலையில் வருவதாகச் சொல்லியிருந்த நண்பர் கதவைத் தட்டித் திரும்பியதாகவும் பின்னர் கேள்விப்பட்டேன்.

சிரிப்புச் சத்தம் கேட்டு என் மனைவி வந்து நின்றாள். மேசையை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள்.

"பென்சில் எங்க? பென்சில் இல்லாம நீங்க புத்தகம் படிச்சி நான் பாத்ததே இல்லையே!"

வாக்குமூலம்

காய்ச்சல் என்று தந்தி அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. மேடையேறி, இது தொல்கதை அன்று, ஓர் ஆங்கில நாவல், பஞ்சு பற்றிய மூன்று பக்கங்களும் பிழை என்று அறிவித்தேன். தலைமை வகித்த ஓய்வுபெற்ற பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்து, எனக்கு இன்னும் பதினைந்து நிமிடம் மீதமிருப்பதாகக் கடுமையாகச் சொன்னார்.

வாசிக்க ஒன்றுமில்லை. எனவே கதையைச் சொன்னேன். இத்தனை ஆண்டுகள் கதை கேட்டவன், முதன்முறையாகச் சொன்னேன். செருப்புகள் மரமேறியபோது பின்வரிசை கைதட்டியது. சாப்பாட்டு மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை. பரீட்சைக் கூடத்தில் அவனுடைய தோழன், தன் மந்திரம் பிசகி, வெண்கல மணியாக இறுகத் தொடங்குகிறான். மந்திரத்தை முறிக்க, ஒளித்து வைத்த அந்த ஒரு தும்மல் போதும். தும்மினால் தோழன் பிழைப்பான், ஒளித்தது வெளிப்பட்டு இவன் பரீட்சை போகும். அந்த இடத்தில் நேரத்தை மதித்து நான் நிறுத்த, பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மைக்கைத் தம் பக்கம் இழுத்தார்.

"கட்டுரைய வாபஸ் வாங்கிக்கிடுங்க, கதைய முடிக்காம எறங்க விடமாட்டோம்; பய பாஸா, பெயிலா?"

பதிவுக்காக: அச்சு நூலின்படி அவன் தும்மி, தோற்று, மறு ஆண்டும் அதே வகுப்பில் உட்காருகிறான்; தளவாய்புரத்தில் தோழனும் அவனும் சேர்ந்தே தேறுகிறார்கள்; ராஜபாளையத்தில் இருவருக்கும் அந்தப் பள்ளியிலேயே நிரந்தர வேலை; ஸ்ரீவில்லிபுத்தூரில் தலைமையாசிரியர் தம் மகளைக் கட்டித் தருகிறார்; கருத்தரங்க மேடையில் கேட்கப்பட்ட வடிவத்தில் அவன் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தான், அவ்வடிவத்தைச் சொன்னவர் மூலநூலை முழுவதும் படித்தவர் என்பதால் அவருக்கு மன்னிப்பே கிடையாது.